இடது கைக்குத் தெரியலாமா?

சேசுவுக்குள் பிரியமான பங்கு மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்தபின் நமது வாலிபர்களில் ஐந்தாறு பேர் குருமனைக்கு வந்தார்கள். கோயிலின் பெயரால் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் யூடியூபில் ஒரு சேனலும் துவங்க உத்தரவு வேண்டுமென்று கேட்டார்கள். "ஃபாதர், எங்க வயசுப் பசங்க ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு வர்றதில்லை. ஆனா ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போன்லதான் இருக்காங்க. நாம அங்கே போய் சேசுநாதரைப் பற்றிச் சொன்னா என்ன?" என்றான் அவர்களில் மூத்தவன்.

கேள்வி நியாயமானது. உத்தரவு கொடுத்தேன். ஆனால் நான்கு நிபந்தனைகளோடு கொடுத்தேன். அவைகளைக் கேட்டு ஒருவனுடைய முகம் சற்று வாடிற்று. 'இந்தச் சாமியாருக்கு எதிலும் சந்தேகந்தான்' என்று அவன் நினைத்திருக்கலாம். ஆகையால் அந்த நிபந்தனைகளை ஏன் விதித்தேன் என்று அவனுக்கும், அவனைப் பெற்ற உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது, சாதனம் புதியது என்பதற்காக நாம் பயப்பட வேண்டியதில்லை. அர்ச். பிரான்சிஸ் சவேரியார் 1542-ம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்து இறங்கினார். கையில் ஒரு மணியை எடுத்து, தெருத்தெருவாய் ஆட்டிக்கொண்டே போய்ச் சிறுவர்களை ஞானோபதேசத்துக்குக் கூட்டினார். அதே ஆண்டின் கடைசியில் நமது முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச்செய்து, மனப்பாடமாய்ச் சொல்லிக்கொடுத்தார். அர்ச். பிரான்சிஸ் சலேசியார் 1594-ல் ஷாப்லே நாட்டுக்கு அனுப்பப்பட்டபோது, ஜனங்கள் அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வரவே அஞ்சினார்கள். அவர் வேத சத்தியங்களைத் தாள்களில் எழுதி வீட்டுக் கதவுகளின் கீழே தள்ளிவிட்டார். பின்னாளில், 1923-ல், 11-ம் பத்திநாதர் பாப்பரசர் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார். அதே பாப்பரசர் 1931 பெப்ரவரி 12-ம் தேதி, மார்க்கோனி அமைத்துக்கொடுத்த வத்திக்கான் வானொலியைத் துவக்கிவைத்தார். 1963 டிசம்பர் 4-ம் தேதி இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனியாக ஒரு சாசனமே வெளியிட்டது. 16-ம் ஆசீர்வாதப்பர் 2012 டிசம்பர் 12-ம் தேதி ட்விட்டரில் தமது முதற் செய்தியை அனுப்பினார். 2025 ஜூபிலி ஆண்டின் ஜூலை மாதக் கடைசியில், இணையத்தில் வேதம் அறிவிக்கும் வாலிபர்களுக்கென்று உரோமையில் விழா நடந்தது. நம் பெரியோர் சிங்கராயர் என்று வழங்கும் பெயரையுடைய 14-ம் லியோ பாப்பரசர் அவர்களை நேரில் சந்தித்து ஊக்கப்படுத்தினார்.

2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கோயில்களெல்லாம் அடைபட்டபோது நடந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிரான்சிஸ் பாப்பரசர் மார்ச் 27-ம் தேதி மழையில் நனைந்த இராயப்பர் சதுக்கத்தில் தனியாக நின்று தேவநற்கருணை ஆசீர்வாதம் கொடுத்ததை, நம்மில் எத்தனையோ பேர் கைப்பேசியில் பார்த்து வீட்டிலேயே முழந்தாளிட்டோம். ஆகவே சாதனம் கெட்டதென்று நான் சொல்லவில்லை.

இவ்விதமிருக்க, நிபந்தனை எதற்கு? நான் முன்பு இருந்த ஒரு பங்கில் நடந்த காரியத்தைச் சொல்லுகிறேன். அதில் குற்றம் என்னுடையது. சம்பந்தப்பட்ட தாயாரிடம் உத்தரவு பெற்று, ஊரும் பேரும் தெரியாதபடி எழுதுகிறேன்.

ஒரு திருவருகைக் காலத்தில் அந்தப் பங்கின் வாலிபர்கள் பணம் சேர்த்து, பத்து ஏழைக் குடும்பங்களுக்குக் கம்பளியும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்தவர்களும் உண்டு. கொடுத்ததை வீடியோ எடுத்து, பின்னணியில் ஒரு பாட்டைச் சேர்த்து, இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். அதில் ஒரு விதவைத் தாயார், எழுபது வயதைத் தாண்டியவர்கள், இரண்டு கையாலும் கம்பளியை வாங்கிக்கொண்டு கண்கலங்குகிறார்கள். அந்தக் காட்சி ஒன்றே போதும், கல்நெஞ்சும் கரையும். இரண்டே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வெளியூர்ப் பிள்ளைகளும் எழுதினார்கள். நானும் மகிழ்ந்துபோய், கிறிஸ்துமஸ் பூசையில் பிரசங்க மேடையிலிருந்தே அவர்களைப் புகழ்ந்தேன்.

அதன்பின் நாலைந்து ஞாயிறு அந்தத் தாயார் பூசைக்கு வரவில்லை. காய்ச்சலோ என்று விசாரிக்கப் போனேன். திண்ணையில் உட்காரச் சொல்லி, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சாமி, எம் பேரன் திருப்பூர்ல வேலை பாக்குறான். அவன்கூட வேலை செய்ற பசங்க போன்ல அதைப் பாத்துட்டு, 'ஒங்க அப்பத்தா பிச்சை வாங்குதாடா'ன்னு கேட்டாங்களாம். அவன் எனக்கு போன் பண்ணி அழுதான். கம்பளி நல்ல கம்பளிதான் சாமி. குளிருக்குப் போதும். வெக்கத்துக்குத்தான் போதலை" என்றார்கள்.

நான் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. வாலிபர்களைக் கூப்பிட்டு வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். உடனே எடுத்தார்கள். ஆனால் அதற்குள் வாட்ஸப்பில் கைமாறிக் கைமாறிப் போனதை யார் திருப்பி வாங்குவது? அவர்களில் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "புள்ளைங்க மேல எனக்கு என்ன கோவம்?" என்று மன்னித்துவிட்டார்கள். வாரநாட்களில் விடியற்காலைப் பூசைக்கு வந்து, கடைசித் தூணுக்குப் பின்னால் உட்காருவார்கள். நான் அந்தப் பங்கைவிட்டு மாறும்வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர்கள் வரவேயில்லை.

பிரியமானவர்களே, இங்கே ஒரு கேள்வி எழும்புகிறது. மலைப் பிரசங்கத்தில் சேசுநாதர் இரண்டு காரியங்களைச் சொல்லியிருக்கிறார். அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், நம்முடைய ஒளி மனிதர்முன் விளங்கவேண்டும், அவர்கள் நம் நற்கிரியைகளைக் கண்டு பரலோக பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்கிறார். ஆறாம் அதிகாரத்தில், தர்மம் செய்யும்போது வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவே கூடாது என்கிறார். இரண்டும் ஒரே பிரசங்கம். இடையில் ஒரு பக்கத்துக்கு மேல் இராது. காட்டச் சொன்னாரா, மறைக்கச் சொன்னாரா? இணையத்தில் வேதம் அறிவிக்க விரும்பும் எவனும் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி இதுதான்.

அர்ச். கிரகோரியார் பாப்பு இதற்கு ஒரு வழி காட்டுகிறார். நிலத்தில் மறைந்த புதையலின் உவமையைப் பற்றிப் பிரசங்கிக்கையில், எல்லாரும் பார்க்கும்படி புதையலைத் தூக்கிக்கொண்டு வழி நடப்பவன் கள்ளரைக் கூப்பிடுகிறான் என்று எச்சரிக்கிறார். அதற்காக நற்கிரியைகளை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. செயல் வெளியே இருக்கலாம், கருத்து உள்ளே மறைந்திருக்கவேண்டும் என்பதே அவர் போதனை. அதாவது, ஜனங்கள் பார்ப்பது பாவமல்ல. ஜனங்கள் பார்க்கவேண்டுமென்பதற்காகவே செய்வதுதான் பிசகு.

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதை இன்னும் நுட்பமாய்ப் பிரித்துக் காட்டுகிறார். மகிமை மூன்று விதத்தில் வீண்மகிமையாகலாம் என்கிறார். நாம் எந்தப் பொருளுக்காகப் புகழை நாடுகிறோமோ அது புகழுக்குத் தகாததாயிருக்கலாம். யாருடைய புகழை நாடுகிறோமோ அவர்களுடைய தீர்ப்பு நிலையற்றதாயிருக்கலாம். கடைசியாக, நாடுகிற நாம் அதைத் தேவமகிமைக்கோ பிறருடைய இரட்சணியத்துக்கோ திருப்பாமல் நம்மிடமே நிறுத்திக்கொள்ளலாம். வீண்மகிமைக்கு ஏழு புதல்வியர் உண்டென்று அர்ச். கிரகோரியாரைப் பின்பற்றி எண்ணியும் காட்டுகிறார்: கீழ்ப்படியாமை, தற்புகழ்ச்சி, கபடம், வாக்குவாதம், பிடிவாதம், பிரிவினை, புதுமை மோகம். 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த வேதசாஸ்திரி கைப்பேசியைக் கண்டதில்லை. ஆனால் உங்கள் பிள்ளையின் கைப்பேசியை ஒரு மணி நேரம் வாங்கிப் பாருங்கள், ஏழு பேரும் வரிசையாய் வந்து நிற்பார்கள்.

ஒருவன் கேட்கலாம்: "என் கருத்து நல்லதாயிருந்தால் போதாதா? அந்த வீடியோவைப் பார்த்துப் பத்துப் பேர் தர்மம் செய்தால் நல்லதுதானே?" என்று.

போதாது. ஒரு செயலை நிதானிக்கும்போது மூன்றைப் பார்க்கவேண்டுமென்று திருச்சபை போதிக்கிறது: செய்யப்படும் காரியம், செய்கிறவனுடைய கருத்து, சூழ்ந்துள்ள சந்தர்ப்பம். மூன்றும் நல்லதாயிருந்தால்தான் செயல் நல்லது. நல்ல கருத்து கெட்ட வழியைச் சுத்தமாக்காது. அந்தத் தாயாருடைய கண்ணீரை எடுத்து, அவர்களுக்குத் தெரியாத ஆயிரம் பேருக்குக் காட்டியது, அவர்களை ஒரு கருவியாக்கியதாகும். மனிதன் கருவியல்ல. "அவங்க சம்மதிச்சாங்களே ஃபாதர், கேட்டுத்தான் எடுத்தோம்" என்று அந்தப் பிள்ளைகள் அன்று சொன்னார்கள். மெய்தான். ஆனால் கம்பளியைக் கையில் நீட்டிக்கொண்டே கேட்டால், வேண்டாமென்று சொல்ல எந்த ஏழைக்குத் துணிவு வரும்? அதைச் சம்மதம் என்று சொல்லலாகாது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் இரவு படுக்கப் போகுமுன் அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று நானும் எடுத்துப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் செபமாலையைத் தொடுமுன் மறுபடியும் பார்த்தேன். தொகை கூடியிருந்தால் மனம் குளிர்ந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் குருவாயிருக்கிற எனக்கே இப்படியானால், பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்வான்?

அந்தக் கைப்பேசிக்குள் வேலை செய்யும் யந்திரத்தின் நோக்கம் நம்முடைய நோக்கமல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பார்க்கிறவனை எது அதிக நேரம் பிடித்துவைக்கிறதோ, எதற்கு அதிகம் பேர் பதில் எழுதுகிறார்களோ, அதை அது முன்னே தள்ளுகிறது. சாந்தமாய்ச் சொன்ன உபதேசத்தைவிடச் சண்டையும் பரிகாசமும் கண்ணீரும் சீக்கிரம் பரவுகின்றன. நாம் தேவமகிமைக்கென்று துவங்கினாலும், போன வாரம் எது அதிகம் பேரை இழுத்ததோ அதையே இந்த வாரமும் செய்யச் சொல்லி அது நம்மைப் பழக்கிவிடும். வலை மீனை மாத்திரம் பிடிப்பதில்லை. கவனியாமல் நின்றால் வலை வீசுகிறவனுடைய காலிலும் சுற்றிக்கொள்ளும். இது கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

மறுபடியும் ஆறாம் அதிகாரத்துக்கு வாருங்கள். மனிதர் காணத் தர்மம் செய்தவர்கள் தங்கள் பலனை அடைந்தாயிற்று என்கிறார் ஆண்டவர். கிரேக்க மூலத்தில் அங்கே வரும் சொல், அக்காலத்தில் பணம் பெற்றுக்கொண்டதற்கு எழுதிக்கொடுக்கும் ரசீதில் வழங்கிய சொல்லாகும். கணக்கு தீர்ந்தது, இனிப் பாக்கி ஒன்றுமில்லை என்று பொருள். நாம் செய்த தர்மத்துக்கு ஆயிரம் 'லைக்' வாங்கி அதில் மனம் நிறைந்துவிட்டால், ரசீதில் கையெழுத்துப் போட்டாயிற்று.

"ஆண்டவரே வெளிப்படையாய்ப் புதுமைகள் செய்தாரே" என்று இன்னொருவன் சொல்லலாம். செய்தார். ஆனால் எப்படிச் செய்தார் என்று பாருங்கள். பசாசு அவரைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்திக் கீழே குதிக்கச் சொன்னது. குதித்திருந்தால் சம்மனசுகள் தாங்கியிருப்பார்கள், எருசலேம் முழுவதும் அன்றே பேசியிருக்கும். அவர் மறுத்துவிட்டார். அப்பத்தைப் பலுகச்செய்தபின் ஜனங்கள் அவரை இராஜாவாக்க வந்தபோது, தனியே மலைக்கு ஒதுங்கினார். யாயீருடைய மகள் இறந்துகிடந்த வீட்டிலோ அழுது ஆரவாரித்த கூட்டத்தை வெளியே அனுப்பினார். தாய் தகப்பனையும் மூன்று சீஷர்களையும் மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினார். இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாமென்று கட்டளையிட்டு, அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். உலகத்தில் நடந்த மிகப் பெரிய புதுமைகளில் ஒன்று, ஆறு பேருக்குமேல் பாராமல் நடந்தது. அந்தப் பிள்ளை கண் திறந்தபோது அவளைச் சுற்றி வேடிக்கை பார்க்கும் கூட்டமில்லை.

நல்ல சமாரியனின் உவமையையும் எண்ணிப் பாருங்கள். சமூக ஊடகங்களில் கிறிஸ்தவர் நடந்துகொள்ள வேண்டிய விதத்தைப் பற்றி 2023 மே 28-ம் தேதி வத்திக்கான் தொடர்புத்துறை வெளியிட்ட ஏடு இந்த உவமையையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. தர்மத்தைப் பற்றி உலகத்தில் இதைவிடப் பிரசித்தமான கதை இல்லை. ஆனாலும் அடிபட்டுக் கிடந்தவனுடைய பெயர் நமக்குத் தெரியாது. சமாரியனுடைய பெயரும் தெரியாது. பெயரும் முகமும் இல்லாமலே அது இரண்டாயிரம் வருஷமாய் மனிதரை மனந்திருப்பி வருகிறது.

அப்படியானால் இக்காலத்து வாலிபனுக்கு மாதிரி யார்? திருச்சபையே ஒருவரைக் காட்டியிருக்கிறது. அர்ச். கார்லோ அக்குத்திஸ் 1991 மே 3-ம் தேதி லண்டனில் பிறந்து, இத்தாலியாவில் மிலான் நகரில் வளர்ந்தவர். இரத்தப் புற்றுநோயால் 2006 அக்டோபர் 12-ம் தேதி, பதினைந்தாம் வயதில் இறந்தார். 2025 செப்டம்பர் 7-ம் தேதி அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்டார். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர். உலகமெங்கும் தேவநற்கருணையில் நடந்த புதுமைகளைத் திரட்டி இணையதளத்தில் வெளியிட்டார். அந்தத் தொகுப்பு கண்காட்சியாகப் பல தேசங்களைச் சுற்றிவந்திருக்கிறது. வீடியோ விளையாட்டில் பிரியமிருந்தும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத்தாமே வரையறை செய்துகொண்டார்.

இது நீங்கள் கேட்டதுதான். கேளாதது ஒன்றுண்டு. அவர் மிலான் தெருக்களில் படுத்துக்கிடந்த ஏழைகளுக்குச் சாப்பாடும், படுக்கப் பையும் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். அவருடைய அடக்கப் பூசைக்கு வந்த ஏழைகளின் கூட்டத்தைப் பார்த்துத்தான் அவர் எத்தனை பேரோடு பழகியிருந்தார் என்று மற்றவர்கள் அறிந்தார்கள். அவர் வீட்டில் வேலை செய்த, மொரீசியஸ் நாட்டைச் சேர்ந்த ஓர் இந்து சகோதரர், அந்தச் சிறுவன் நடந்துகொண்ட விதத்தையும் பேசிய விதத்தையும் பார்த்து ஞானஸ்நானம் பெற்றார். இணையதளத்தைப் பார்த்தல்ல, தினமும் கூட இருந்து பார்த்து.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, கவனியுங்கள். ஆண்டவருடைய புதுமைகளை அவர் உலகமெல்லாம் காணும்படி வெளியிட்டார். தம்முடைய தர்மத்தை வெளியிடவில்லை. ஐந்தாம் அதிகாரத்தையும் ஆறாம் அதிகாரத்தையும் ஒருசேர அனுசரித்த பிள்ளை அவர். ஃபேஸ்புக் எல்லாருக்கும் திறக்கப்பட்டது 2006 செப்டம்பர் 26-ம் தேதி. கார்லோ இறந்தது அதற்குப் பதினாறு நாட்கள் கழித்து. 'லைக்' பொத்தான் 2009-ல்தான் வந்தது. ஆகையால் நம் பிள்ளைகளுக்கு வரும் சோதனை இந்த வடிவத்தில் அவருக்கு வரவில்லை. அதனாலேயே நம் பிள்ளைகளுக்கு அவரைவிட அதிக விழிப்பு வேண்டியிருக்கிறது.

இனி, நான் விதித்த நான்கு நிபந்தனைகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது: உதவி பெறுகிறவர்கள், நோயாளிகள், சிறு பிள்ளைகள் ஆகியோருடைய முகம் நமது பக்கத்தில் வரக்கூடாது. தேவை இன்னதென்று எழுதலாம், எப்படி உதவலாமென்று சொல்லலாம். வாங்குகிற கையைக் காட்ட வேண்டாம்.

இரண்டாவது: பிறருடைய மதத்தையோ, பிரிந்த சகோதரர்களுடைய சபைகளையோ இகழும் ஒரு வார்த்தையும் வரக்கூடாது. நம்முடைய நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கவேண்டும் என்ற அர்ச். இராயப்பரே, அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்லவேண்டும் என்றும் எழுதுகிறார். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் 1965 அக்டோபர் 28-ம் தேதி வெளியிட்ட சாசனத்தில், மற்ற மதங்களில் மெய்யும் பரிசுத்தமுமாயுள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று போதித்திருக்கிறது. பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் நம் பக்கத்தைத் திறந்து பார்த்தால், மனம் நோகாமல் மூடவேண்டும். நோகச்செய்து யாரையும் கிறிஸ்துவண்டை கொண்டுவர முடியாது.

மூன்றாவது: எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற தொகையைக் கூட்டத்தில் வாசிக்கக்கூடாது, என்னிடமும் சொல்லக்கூடாது. இது உங்களுக்கு வேடிக்கையாயிருக்கலாம். என் பலவீனத்தை நான் அறிவேன், அதனால்தான்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: பதில் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் இருக்கவேண்டும். சவேரியார் மணி அடித்துவிட்டுப் போய்விடவில்லை. இந்தக் கடற்கரையில், செபம் கற்ற சிறுவர்களை நோயாளிகளுடைய வீடுகளுக்கு அனுப்பி, அவர்களுக்காகச் செபிக்கச் செய்தார். சலேசியாரும் தாளைத் தள்ளிவிட்டு ஊர் திரும்பவில்லை. குளிரிலும் பனியிலும் வருஷக்கணக்காய் அங்கேயே நடந்தார். நமது பங்கிலே இதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. வெளிநாட்டில் வேலை செய்த ஒரு வாலிபன், கோயிலையே மறந்திருந்தவன், நமது திருவிழாக் கொடியேற்றத்தை யூடியூபில் தற்செயலாய்ப் பார்த்திருக்கிறான். மணிச் சத்தம் கேட்டதும் கண் கலங்கிற்று என்றான். ஆனால் அவனைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுவந்தது மணிச் சத்தமல்ல. அன்றிரவே பழைய சிநேகிதன் ஒருவன், "எப்படா ஊருக்கு வர்றே? நானும் வர்றேன், சேர்ந்தே சாமிகிட்டப் போவோம்" என்று எழுதியிருக்கிறான். அந்த ஒரு வரியை அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. அதற்கு 'லைக்' ஒன்றும் விழவில்லை. வேலை செய்தது அதுதான்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். "இந்தச் செபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும்" என்று உங்கள் வாட்ஸப்பில் வருவதை நீங்களே பயந்து அனுப்பிக்கொண்டிருந்தால், பிள்ளைகளைத் திருத்த உங்களுக்கு வாய் வராது. அது செபமல்ல, முதற் கற்பனைக்கு விரோதமான மூடநம்பிக்கை. முற்காலத்தில் தபாலில் வந்த சங்கிலிக் கடிதந்தான் இப்போது கைப்பேசியில் வருகிறது. அழித்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது. இரவில் குடும்பச் செபமாலைக்கு உட்காரும் அந்தக் கால் மணி நேரம் எல்லாருடைய கைப்பேசியும் வேறோர் அறையில் இருக்கட்டும், உங்களுடையது முதலாவதாக.

வாலிபர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். போடுங்கள். அழகாய், கருத்தாய், தைரியமாய்ப் போடுங்கள். ஆண்டவருடைய வார்த்தையையும், அர்ச்சியசிஷ்டர்களின் வாழ்க்கையையும், நம் கோயிலின் சரித்திரத்தையும் உங்கள் பாஷையில் சொல்லுங்கள். அனுப்புமுன் அர்ச். தோமாஸ் காட்டிய மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது காட்டத் தகுந்ததா? யாருடைய மெச்சுதலுக்குக் காத்திருக்கிறேன்? இது கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது? அத்தோடு இன்னொரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்துக்குக் காட்டி ஒரு நற்காரியம் செய்தால், அந்த வாரத்துக்குள் யாருக்கும் தெரியாமல் இன்னொன்று செய்யுங்கள். சிநேகிதனுக்கும் தெரிய வேண்டாம், எனக்கும் தெரிய வேண்டாம். மறைவில் பார்க்கிற பிதா ஒருவர் இருக்கிறார் என்று விசுவசிக்கிறவன்தான் அதைச் செய்வான். இந்த விசுவாசம் உங்களிடத்தில் இருந்தால் நீங்கள் போடுவது பிரசங்கமாகும். இல்லாவிட்டால் எத்தனை ஆயிரம் பேர் பார்த்தாலும் அது விளம்பரந்தான்.

அந்தத் தாயாரிடம் இதை எழுதலாமா என்று கேட்கப் போனபோது, "எழுதுங்க சாமி. இனிமே வேற யாருக்கும் இப்படி ஆகாம இருந்தாச் சரி" என்றார்கள். புறப்படும்போது அந்தக் கம்பளியைப் பார்த்தேன். மடித்துப் பெட்டியின்மேல் வைத்திருந்தார்கள். போர்த்திக்கொள்வதாகத் தெரியவில்லை. அவர்களுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொள்ளுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் பின், நமது பக்கத்தின் வேலையைப் பகிர்ந்துகொள்ள வாலிபர்கள் குருமனையில் கூடுவார்கள். எழுதத் தெரிந்தவர்களும் படம் பிடிக்கத் தெரிந்தவர்களும் வரட்டும். இரண்டும் தெரியாமல், பிறர் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்க மாத்திரம் தெரிந்தவர்கள் இருந்தால், அவர்கள் அவசியம் வரவேண்டும். பதில் எழுதுகிறவர்களுக்கு ஆள் வேண்டுமென்றேனே, அந்த ஆட்கள் அவர்கள்தான்.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

கிறிஸ்துநாதருக்குள் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு